பஸ்ஸில், டாக்ஸியில், ரயிலில்: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்த தமிழருக்கு ஆங்கில முன்னிடைச்சொல் வழிகாட்டி

டர்பன் பக்கம் குடிவந்த புதிதில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. வாசல் பலகைகளில் பிள்ளை, மூட்லி, நாயக்கர், கோவெண்டர் என்று பெயர்கள் இருக்கும். ஆடி மாதம் கூழ் ஊற்றுவார்கள், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்கள். சரி, தமிழை வைத்தே காலம் தள்ளிவிடலாம் என்று தோன்றும். முடியாது. 1860 நவம்பர் 16 அன்று முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் வந்து சேர்ந்ததற்குப் பிறகு இங்கே பல தலைமுறைகள் கடந்துவிட்டன. கோயிலில் தேவாரம் பாடுகிறவர்கள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம்தான். ஆக, வழி கேட்பதும் ஆங்கிலத்தில், வண்டியை நிறுத்தச் சொல்வதும் ஆங்கிலத்தில்.

மதுரையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வருகிறவருக்கு ஆங்கிலச் சொற்கள் குறைவில்லை. பஸ், ஸ்டேஷன், டிக்கெட், பிளாட்ஃபாரம் எல்லாம் தாய்மொழி போலத்தான். சறுக்குவது அவற்றின் முன்னால் நிற்கும் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களில், அதாவது முன்னிடைச்சொற்களில் (ப்ரெபொசிஷன்). தமிழில் ‘டர்பனில்’, ‘பஸ்ஸில்’, ‘முனையில்’, ‘காலையில்’ என்று எல்லா இடத்திலும் ஒரே ‘இல்’ வேலை பார்க்கிறது. ஆங்கிலம் அந்த வேலையைப் ‘பை’, ‘ஆன்’, ‘இன்’, ‘அட்’ என்று பிரித்துக் கொடுத்திருக்கிறது. பட்டியலை உருப்போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து நகரத்துக்குப் போகும் ஒரு பயணத்தை வீட்டு வாசலிலிருந்து தொடங்கி, வழியில் தேவைப்படும் சொல்லை அங்கங்கே எடுத்துக்கொள்வோம்.

முதல் படி: எதில் போகிறீர்கள்?

“எப்படி வருகிறீர்கள்?” என்று கேட்டால் பதில் ‘பை’ என்று தொடங்கும். ‘பை பஸ்’, ‘பை ட்ரெயின்’, ‘பை டாக்ஸி’, ‘பை ஏர்’. இங்கே நீங்கள் சொல்வது பயண முறையை மட்டும். எந்த பஸ், யாருடைய கார் என்பதெல்லாம் பேச்சில் இல்லை. அதனால்தான் ‘பை’க்கும் ‘பஸ்’ஸுக்கும் இடையில் ‘அ’, ‘த’, ‘மை’ எதுவும் நுழையக் கூடாது. நுழைந்தால் ‘பை’ விலகிவிட வேண்டும். ‘பை மை கசின்ஸ் கார்’ என்பது தவறு, ‘இன் மை கசின்ஸ் கார்’ என்பதே சரி. ‘பை த செவன் ஓ கிளாக் பஸ்’ என்று சொல்வதைவிட ‘ஆன் த செவன் ஓ கிளாக் பஸ்’ என்பது இயல்பு.

நடந்து வந்தால்? ‘ஆன் ஃபுட்’. அல்லது வெறுமனே ‘ஐ வாக்டு’. ‘பை வாக்’ என்பது நம் ஊர்க் கண்டுபிடிப்பு. இங்கே யாருக்கும் புரியாமல் போகாது, ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அடுத்து, வண்டிக்குள் இருந்துகொண்டு பேசும்போது ‘ஆன்’, ‘இன்’ இரண்டில் எது? இதற்குப் பெரும்பாலும் பொய்க்காத ஒரு சோதனை உண்டு. உள்ளே எழுந்து நின்று நாலடி நடக்க முடிந்தால் ‘ஆன்’. பஸ், ரயில், விமானம், கப்பல் எல்லாம் அதில் அடங்கும். ஏறுவது ‘கெட் ஆன்’, இறங்குவது ‘கெட் ஆஃப்’. குனிந்து நுழைந்து உட்கார்ந்தே இருக்க வேண்டிய வண்டி என்றால் ‘இன்’. கார் அந்த வகை. ஏறுவது ‘கெட் இன்’, இறங்குவது ‘கெட் அவுட்’. இறங்குவதை ‘கெட் டவுன்’ என்று சொல்லிப் பழகியவர்கள் அதை இந்தியாவிலேயே விட்டுவரலாம். இங்கே அது மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ இறங்குவதுபோல் கேட்கும்.

தென்னாப்பிரிக்காவில் ‘டாக்ஸி’ என்றால் வாடகைக் கார் அல்ல என்பதையும் இந்த இடத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 15 பேர் அளவில் உட்காரும் மினி பஸ்தான் டாக்ஸி. நாட்டின் பொதுப் போக்குவரத்தில் பெரும்பங்கைச் சுமப்பது அதுதான். பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவில் நிற்கிற வண்டி என்பதால் முன்னிடைச்சொல்லும் அப்படியே தடுமாறும். உட்கார்ந்திருப்பதற்கு ‘இன் த டாக்ஸி’ என்பார்கள். இறங்குவதற்கு ‘கெட் அவுட்’, ‘கெட் ஆஃப்’ இரண்டும் காதில் விழும். எதைச் சொன்னாலும் குற்றமில்லை.

இரண்டாம் படி: எங்கே நிற்கிறீர்கள்?

முகவரி சொல்லும்போது ஆங்கிலம் பெரியதிலிருந்து சிறியதற்குச் சொல் மாற்றும். பரந்த பகுதிக்கு ‘இன்’, நீண்ட சாலைக்கு ‘ஆன்’, ஒரு புள்ளிக்கு ‘அட்’. சாட்ஸ்வொர்த் ஒரு பெரிய குடியிருப்பு, அதனால் ‘இன் சாட்ஸ்வொர்த்’. அதன் நடுவே ஓடும் நெடுஞ்சாலைக்கு ‘ஆன் ஹிக்கின்சன் ஹைவே’. கடை வளாகம் ஒரு சந்திப்பு இடம், அதனால் ‘அட் சாட்ஸ்வொர்த் சென்டர்’. மூன்றும் தமிழில் ‘இல்’தான்.

ஒரே பெயர் இரண்டு வேடமும் போடும். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துச் சாண்ட்டனில் குடியிருந்தால் ‘ஐ லிவ் இன் சாண்ட்டன்’. அதே சாண்ட்டன் வழியில் ரயில் மாறும் இடமாக இருந்தால் ‘ஐ சேஞ்ச் அட் சாண்ட்டன்’. குடியிருக்கிறவருக்கு அது ஊர், மாறிப்போகிறவருக்கு அது வரைபடத்தில் ஒரு புள்ளி.

தெருப் பெயரின் முன்னால் ‘இன்’ போடும் பிரிட்டிஷ் வழக்கமும் இங்கே உண்டு. யாராவது ‘இன்’ என்றால் திருத்தப் போகாதீர்கள்.

டாக்ஸிகள் வரிசையாக நிற்கும் நிலையத்துக்கு ‘ரேங்க்’ என்று பெயர். நிற்பது ‘அட் த ரேங்க்’, வரிசையில் நிற்பது ‘இன் த க்யூ’, ரயில் மேடையில் நிற்பது ‘ஆன் த பிளாட்ஃபாரம்’. காத்திருப்பதற்குத் தமிழே வழிகாட்டும். ‘பஸ்ஸுக்காக’ என்கிறோம் அல்லவா, அந்த ‘ஆக’தான் ‘ஃபார்’: ‘வெயிட்டிங் ஃபார் த பஸ்’. எவ்வளவு நேரமாக என்றால் மறுபடியும் ‘ஃபார்’: ‘ஃபார் டூ அவர்ஸ்’. எப்போதிலிருந்து என்றால் ‘சின்ஸ்’: ‘சின்ஸ் செவன்’. ‘ஃப்ரம் டூ அவர்ஸ்’ என்று வாய் தானாகப் போகும், பிடித்து இழுத்து நிறுத்துங்கள்.

மூன்றாம் படி: டாக்ஸிக்குள்

முன்னிடைச்சொல் தவறினால் கால் வலிக்கிற இடம் இது. டாக்ஸியில் மணி இல்லை, பொத்தான் இல்லை. இறங்கும் இடத்தை வாய்விட்டுச் சொன்னால்தான் வண்டி நிற்கும். அதுவும் பாட்டுச் சத்தத்தைத் தாண்டிப் பின்வரிசையிலிருந்து.

முதலில் பணம். பின்னால் இருப்பவர்களின் கட்டணம் கைமாறி கைமாறி முன்னே போகும், மீதி அதே வழியில் திரும்பி வரும். இரண்டு பேருக்கான பணத்தை நீட்டும்போது ‘ஃபார் டூ’ என்றால் போதும். முன்வரிசையில் உட்காருகிறவர் பெரும்பாலும் எல்லோருடைய கணக்கையும் கூட்டிக் கழித்து டிரைவரிடம் கொடுக்க வேண்டியிருக்கும். மனக்கணக்கில் தயக்கம் உள்ளவர் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

இறங்குமிடம் சொல்வதில் முதல் பாடம் ‘ரோபாட்’. போக்குவரத்து விளக்குக்கு இந்த நாட்டில் அதுதான் பெயர். “ஆஃப்டர் ரோபாட்” என்று ஒரு பெண்மணி குரல் கொடுத்தால் விளக்கைத் தாண்டியதும் நிறுத்தச் சொல்கிறார் என்று பொருள். “பிஃபோர் ரோபாட்” என்றால் விளக்குக்கு முன்பே. நீங்கள் “அட் த ரோபாட்” என்றால் இலக்கணம் பழுதில்லை, ஆனால் டிரைவருக்குப் பயனில்லை. சந்திப்பின் நடுவே அவர் நிறுத்த முடியாது. தாண்டியா, தாண்டாமலா என்று திருப்பிக் கேட்பார், அல்லது கேட்காமல் தனக்கு வசதியான இடத்தில் நிறுத்துவார். ‘த’ விடுபடுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். டாக்ஸிக்குள் சுருக்கம்தான் மரியாதை.

‘ஷார்ட் லெஃப்ட்’ என்பதும் காதில் விழும். இடது பக்கம் திரும்பியதும் பக்கத்திலேயே இறக்கிவிடச் சொல்வது. இதில் முன்னிடைச்சொல்லே கிடையாது, அதனால் புதியவருக்கு மிகப் பாதுகாப்பானது. தென்னாப்பிரிக்கச் சுற்றுலாத் துறை உள்நாட்டுப் பயணப் பிரசாரத்துக்கே இந்தத் தொடரைப் பெயராக வைத்துக்கொண்டது.

தெருவோரத்தில் நின்று வண்டியை மறிப்பதற்கு விரல் சைகைகள் தனி. ஜோஹன்னஸ்பர்க்கில் ஆள்காட்டி விரலை மேலே நீட்டினால் நகர மையத்துக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். வழித்தடத்துக்கு வழித்தடம் சைகை மாறும் என்பதால் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுக்கொள்வதே நல்லது. கேட்கும்போது ‘டஸ் திஸ் டாக்ஸி கோ டு டவுன்?’ என்று ‘டு’ சேர்த்துக் கேளுங்கள்.

டிரைவரை எப்படிக் கூப்பிடுவது? நம் பழக்கத்தில் ‘மாமா’ என்று கூப்பிட்டுவிட்டால் வண்டி முழுக்கச் சிரிக்கும். ஜூலு மொழியில் ‘மாமா’ என்றால் அம்மா. அவர்களுடைய தாய்மாமன் ‘மலூமே’. வயதானவர் என்றால் ‘பாபா’ என்பதும் பொருந்தும். இந்தியர் குடியிருப்புகளில் ‘அங்கிள்’, ‘ஆண்டி’ போதும்.

நான்காம் படி: எந்தப் பக்கம்?

‘கோயிலுக்கு எதிரே’ என்றால் தெருவின் மறுபக்கம். அதற்கு ‘ஆப்போசிட் த டெம்பிள்’. நடுவில் ‘டு’ வேண்டாம். ‘கோயிலுக்கு முன்னால்’ என்றால் கோயில் வாசலிலேயே. அதற்கு ‘இன் ஃப்ரன்ட் ஆஃப் த டெம்பிள்’. தமிழ்ப் பேச்சில் ‘எதிரே’, ‘முன்னால்’ இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிச் சமாளிக்கிறோம். உம்கேனி ரோடு போல வண்டிகள் விரையும் சாலையில் இந்தச் சமாளிப்பு நடக்காது. தவறான பக்கம் இறங்கினால், கையில் பூஜைத் தட்டோடு அத்தனை வண்டிகளுக்கும் இடையில் சாலையைக் கடக்க வேண்டும்.

‘வழியாக’ என்ற சொல்லும் இப்படித்தான் பல முகம் காட்டும். ஜோஹன்னஸ்பர்க் போகும் பஸ் ஹாரிஸ்மித் ‘வழியாக’ப் போகிறது என்றால் ‘வயா ஹாரிஸ்மித்’. ஊருக்குள் நுழைந்து வெளியேறினால் ‘த்ரூ’. சாலையோடு நீளமாகப் போனால் ‘அலாங்’. ஒரு கட்டடத்தைத் தாண்டிப் போனால் ‘பாஸ்ட்’. பஸ் கோயில் வழியாகப் போகுமா என்று கேட்க வேண்டிய கேள்வி ‘டஸ் இட் கோ பாஸ்ட் த டெம்பிள்?’ அங்கே ‘த்ரூ த டெம்பிள்’ என்றால் பஸ் ராஜகோபுரம் வழியாக நுழைந்து பின்மதில் வழியாக வெளியே வர வேண்டும்.

ஐந்தாம் படி: போனில்

வீட்டில் காத்திருப்பவரோ மேலாளரோ “எங்கே இருக்கிறீர்கள்?” என்று கேட்கும் நேரம். தமிழில் “வழியில் இருக்கிறேன்” என்றால் வந்துகொண்டிருக்கிறேன் என்று பொருள். “வழியில் நிற்காதே” என்றால் மறிக்காதே என்று பொருள். இரண்டிலும் ‘வழியில்’. ஆங்கிலத்தில் வந்துகொண்டிருப்பது ‘ஆன் த வே’, மறித்துக்கொண்டு நிற்பது ‘இன் த வே’. மேலாளருக்கு ‘ஐ ஆம் இன் த வே’ என்று செய்தி அனுப்பினால், நீங்கள் அவருக்கு இடைஞ்சலாக இருப்பதாக ஒப்புக்கொண்டது போலாகிவிடும்.

இதைவிட ஆபத்தானது ‘லீவ்’. ‘ஐ லெஃப்ட் டர்பன்’ என்றால் டர்பனை விட்டுப் புறப்பட்டுவிட்டேன். ‘ஐ லெஃப்ட் ஃபார் டர்பன்’ என்றால் டர்பனுக்குப் புறப்பட்டுவிட்டேன். ஒரு ‘ஃபார்’ இருக்கிறதா இல்லையா என்பதில் திசையே தலைகீழாகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து விமானம் பிடிக்க வருகிறவர் ‘ஃபார்’ஐ விழுங்கினால், அழைத்துப் போக வந்த உறவினர் “அடடா, போய்விட்டாரா” என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ‘லெஃப்ட் டு டர்பன்’ என்று மூன்றாவது வடிவம் ஒன்றை நாம் உண்டாக்கி வைத்திருக்கிறோம். அது ஆங்கிலம் அல்ல.

வந்து சேர்ந்ததைச் சொல்ல இரண்டு வினைகள். ‘ரீச்’ தனியாக நிற்கும்: ‘ஐ ரீச்டு டர்பன்’. ‘அரைவ்’ துணை கேட்கும்: ஊர் என்றால் ‘அரைவ்டு இன் டர்பன்’, இடம் என்றால் ‘அரைவ்டு அட் த ஏர்போர்ட்’. ‘அரைவ் டு’ என்பது எங்கேயும் கிடையாது. ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ மூன்றுக்கும் ‘டு’ ஒட்டாது. ‘கோ ஹோம்’ அவ்வளவுதான். ‘போர்ட் த பஸ்’ என்பதிலும் அப்படியே.

நேரத்துக்கும் இதே சிக்கல். எட்டு மணிக்கு என்றால் ‘அட் எய்ட்’, திங்கட்கிழமை என்றால் ‘ஆன் மண்டே’, காலையில் என்றால் ‘இன் த மார்னிங்’, இரவில் என்றால் மட்டும் ‘அட் நைட்’. இவை எளிது. குழப்புவது ‘பை’யும் ‘அன்டில்’லும். ‘எட்டு மணிக்குள்’ என்பது ‘பை எய்ட்’. ‘எட்டு மணி வரை’ என்பது ‘அன்டில் எய்ட்’. எட்டு மணிக்குள் வந்துவிடுவேன் என்பதை ‘ஐ வில் பி தேர் அன்டில் எய்ட்’ என்று சொன்னால், எட்டு மணி வரை அங்கே இருந்துவிட்டு அதன் பிறகு கிளம்பிவிடுவீர்கள் என்று ஆகும். தமிழில் நினைத்தது ‘உள்’ளா, ‘வரை’யா என்று ஒரு நொடி பார்த்துக்கொண்டால் தவறவே தவறாது.

அட்டவணைப்படி வந்தால் ‘ஆன் டைம்’. தாமதமாகிவிடாமல், போதுமான நேரத்தோடு வந்தால் ‘இன் டைம்’. டாக்ஸியைப் பற்றி முதலாவதைச் சொல்ல வழியில்லை. ரேங்கில் இடம் நிறைந்தால்தான் அது கிளம்பும்.

ஆறாம் படி: ரயில்

தென்னாப்பிரிக்காவில் தமிழருக்கு மிகப் பழக்கமான ரயில் பயணத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். டர்பனில் ரயில் ஏறி, முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்து பிரிட்டோரியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காந்தி, 1893 ஜூன் 7 அன்று இரவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் கீழே இறக்கிவிடப்பட்டார். இந்த ஒரு தமிழ் வாக்கியத்தில் ‘இல்’ எத்தனை என்று பாருங்கள். ஆங்கிலத்தில் அவர் பயணம் ‘ஃப்ரம் டர்பன் டு பிரிட்டோரியா’. உட்கார்ந்தது ‘இன் அ ஃபர்ஸ்ட் கிளாஸ் கம்பார்ட்மென்ட்’; பெட்டி நாலு சுவருள்ள அறை, அதனால் ‘இன்’. இருந்தது ‘ஆன் த ட்ரெயின்’. நாள் ‘ஆன் 7 ஜூன்’, இரவு என்று தனியாகச் சொன்னால் ‘அட் நைட்’. சம்பவம் நடந்தது ‘அட் த ஸ்டேஷன்’, அந்த ஸ்டேஷன் இருப்பது ‘இன் பீட்டர்மாரிட்ஸ்பர்க்’. தூக்கி எறியப்பட்டது ‘ஆஃப் த ட்ரெயின்’. பெட்டியைச் சொன்னால் ‘அவுட் ஆஃப் த கம்பார்ட்மென்ட்’. ‘ஆன்’ போட்டு ஏறியதிலிருந்து ‘ஆஃப்’ போட்டு இறங்குவோம், ‘இன்’ போட்டு நுழைந்ததிலிருந்து ‘அவுட் ஆஃப்’ போட்டு வெளியேறுவோம். இந்த இரண்டு ஜோடியும் கைவசமானால் பயண ஆங்கிலத்தில் பாதி முடிந்தது.

இன்று ஜோஹன்னஸ்பர்க் விமான நிலையத்தில் இறங்குகிறவர் பிடிக்கும் ரயில் கௌட்ரெயின். 2010 ஜூன் 8 அன்று, உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு, ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்துக்கும் சாண்ட்டனுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. மணிக்கு 160 கிலோமீட்டர் வரை போகும். ‘இடையே’ என்பது இங்கே ‘பிட்வீன்’: ‘பிட்வீன் த ஏர்போர்ட் அண்ட் சாண்ட்டன்’. ‘பிட்வீன்’ வந்தால் அடுத்து ‘அண்ட்’ வரும், ‘டு’ வராது. ‘ஃப்ரம்’ வந்தால்தான் ‘டு’. ரோஸ்பேங்குக்கோ பார்க் ஸ்டேஷனுக்கோ போக வேண்டுமானால் ‘சேஞ்ச் அட் சாண்ட்டன்’. நுழையும்போதும் வெளியேறும்போதும் கார்டைக் காட்ட வேண்டும். வண்டிக்குள் சாப்பிடத் தடை. டர்பனிலிருந்து பொட்டலம் கட்டிய பன்னி சவ்வை (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பிய உணவு) பைக்குள்ளேயே வைத்திருங்கள், மணம் எத்தனை சோதித்தாலும்.

கடைசியாக, நீங்கள் பேச வேண்டியதில்லை என்றாலும் காதில் விழப்போகும் இரண்டு வழக்குகள். “ஆர் யூ கமிங் வித்?” என்று கேட்டுவிட்டு நண்பர் அங்கேயே நிறுத்திவிடுவார். யாருடன் என்று காத்திருக்காதீர்கள், வாக்கியம் முடிந்துவிட்டது. ‘எங்களோடு வருகிறாயா’ என்பதே கேள்வி. ஆஃப்ரிகான்ஸ் மொழியின் சாயல் இது. அதேபோல “ஐ ஆம் பை த ஷாப்” என்று போனில் சொல்கிறவர் கடைக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, கடையிலேயே இருக்கலாம். ஆஃப்ரிகான்ஸில் ‘பை’ ஆங்கில ‘அட்’டின் வேலையையும் பார்க்கிறது. அதனால் அவரைத் தேடும்போது முதலில் உள்ளே போய்ப் பாருங்கள். அலுவலகக் கடிதத்தில் நீங்கள் எழுதும்போது ‘கமிங் வித் அஸ்’, ‘அட் த ஷாப்’ என்றே எழுதுங்கள்.